எல்லாம் பார்க்கிறவள்

"ஓ" என்றுதான் அவன் சொன்னான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை, சிரிக்கவுமில்லை. போன மாதம் முதல் தடவையாகக் கணவர்கூட வந்தபோது, இதய டாக்டரான அவன், "மேடமும் டாக்டர்னு சார் சொன்னாங்க. என்ன ஸ்பெஷாலிட்டி?" என்று கேட்டான். "ஸ்பெஷாலிட்டின்னு ஒண்ணும் இல்ல. கோவில்பட்டியில ஜெனரல் பிராக்டிஸ். எம்.பி.பி.எஸ்.தான்" என்றாள் செண்பகவல்லி. அந்தத் 'தான்' எங்கிருந்து வந்து நாக்கில் ஒட்டிக்கொண்டது என்று அவளுக்கே தெரியவில்லை; முப்பத்தாறு வருஷமாகப் பார்க்கிற தொழிலைச் சொல்லும்போது அது எதற்கு? அதைக் கேட்டுத்தான் அவன் "ஓ" என்றான். 'ஓ, அப்படியா' என்கிற ஓ-வா, 'ஓ, அவ்வளவுதானா' என்கிற ஓ-வா? முப்பது நாளாக அவளால் அதைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இப்போது மதுரையில், இதயத்துக்கென்றே கட்டிய இந்த ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி வராந்தாவில், மடியில் அவருடைய ஃபைலையும் சட்டை, கடிகாரம் போட்ட பிளாஸ்டிக் பையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் அதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. அவரை உள்ளே கூட்டிப்போகும்போது பத்து பத்து. "எக்கோ எடுக்க நாப்பது நிமிஷம் ஆகும்மா" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். எக்கோவுக்கு எதற்கு நாற்பது நிமிஷம்? இருபது போதும். மிச்ச இருபது நிமிஷம் உள்ளே என்ன செய்கிறார்கள்? எதிர்ச் சுவரில் பெரிய இதயத்தின் படம், பாதி வெட்டி உள்ளே காட்டியது, அதன் பக்கத்தில் 'ஓ' சொன்ன அந்த டாக்டர் முகில்வண்ணனின் பெயரும் பெயருக்குப் பின்னால் ரயில்பெட்டி மாதிரி பட்டங்களும். வயது முப்பத்தேழு இருக்கும், அவள் பையனைவிட இரண்டு வயது மூத்தவன். அவன் முன்னால் அவர் சட்டையைக் கழற்றி உட்காரும்போது பள்ளிக்கூடப் பையன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறார், அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. அவளிடம் ஒரு நாளாவது அப்படி உட்கார்ந்திருக்கிறாரா? முதுகில் ஸ்டெத் வைத்தால், "சீக்கிரம் பாரு, செய்தி போட்டுருவான்" என்பார்.

அவராகத்தான் இங்கே வந்தார், அவளுக்குத் தெரியாமல். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எந்த வயர் எங்கே போகிறது என்று யாரிடமும் கேட்காத மனிதர், பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, கூட வேலை பார்த்தவர் மகளுக்கு மதுரையில் நிச்சயதார்த்தம் என்று சொல்லிவிட்டுப் போனார். துவைக்கப் போட்ட சட்டைப் பையில் நாலாக மடித்த சீட்டு இருந்தது. டோக்கன் இருபத்தேழு, திருமலையப்பன், வயது அறுபத்தெட்டு, மேலே இந்த ஆஸ்பத்திரியின் பெயர். அவள் அதை மறுபடியும் நாலாக மடித்து அலமாரியில் அவர் பார்க்கிற இடத்தில் வைத்துவிட்டு நாலு நாள் வாய் திறக்கவில்லை. அவரும் அதைப் பார்த்துவிட்டு நாலு நாள் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் சாப்பிடும்போது, "மூச்சு வாங்குது செண்பகம். ஒரு தடவை காட்டிட்டு வந்தேன்" என்றார், குழம்பில் உப்பு கம்மி என்று சொல்வதுபோல. கீழே கிளினிக், மேலே வீடு. நடுவில் பதினாலு படி. அந்தப் படியில் அவர் நடுவில் நின்று நின்று ஏறியிருக்கிறார், அவள் கீழே உட்கார்ந்து ஊர்க்காரர்கள் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்து மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எப்போதிருந்து என்று கேட்டதற்கு, "தீவாளிக்கு முன்னாடியிருந்தே" என்றார். தீபாவளிக்கு முன்னாடி. அந்த வாரம் அவரை வைத்துத்தானே அவள் பரணிலிருந்து பெரிய சட்டியை இறக்கினாள். அப்போதே மூச்சு வாங்கியிருக்கும். சொல்லவில்லை. வீட்டிலேயே ஒரு டாக்டரை வைத்துக்கொண்டு நூறு கிலோமீட்டர் பஸ் ஏறி வந்து டோக்கன் வாங்கியவர், முப்பத்தெட்டு வருஷத்தில் அவளைப் பற்றி உண்மையில் என்னதான் நினைத்துக்கொண்டிருந்தார்? சளிக்கும் காய்ச்சலுக்கும் அவள், மற்றதற்கு மற்றவர்கள், அப்படித்தானா? ஊரே அப்படித்தான் ஆகிவிட்டது. முன்பெல்லாம் பிரசவம் முதல் பாம்புக்கடி வரைக்கும் அவளிடம்தான் தூக்கிவருவார்கள். இப்போது வந்து உட்கார்ந்ததும், "ஒரு லெட்டர் மட்டும் கொடுங்கம்மா, பெரிய டாக்டர்கிட்ட போறோம்" என்கிறார்கள். அப்படியானால் அவள் சின்ன டாக்டர். லெட்டர் எழுதுகிறவள். போஸ்ட் ஆபீஸில்கூட முத்திரை குத்துவதற்கு ஒரு மரியாதை இருக்கிறது.

ஆனால் யாரும் அவளை இழுத்துப் பிடித்து நிறுத்தவில்லை, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னையில் தோல் நோய்க்கு மேற்படிப்பு இடம் கிடைத்தது, கடிதம் கையில் வந்தது, இவர்கூட "போயிட்டு வா, மூணு வருஷம்தானே" என்றார். அவள்தான் மாட்டேன் என்றாள். வாழ்நாள் முழுக்க மனுஷனுக்கு மேல்தோல் மட்டும்தானா, உள்ளே இருக்கிறதெல்லாம் யாருக்கு என்று கேட்டாள். இருபத்தைந்து வயதுத் திமிர். அவள் விட்ட இடத்தில் சேர்ந்தவள் ஹாஸ்டலில் பக்கத்து அறையில் இருந்த கிரேஸ்லின். அவள் தோலிலிருந்தும் சுருங்கி இப்போது முடி உதிர்வதை மட்டும் பார்க்கிறாளாம், அதிலும் பெண்களுக்கு உதிர்வது மட்டும். கேட்டபோது செண்பகவல்லி சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் ஒரு சந்தேகம் வந்தது, அது இன்னும் போகவில்லை: கிரேஸ்லினுக்குத் தன் வேலையின் எல்லை எதுவென்று தெரியும், அதற்குள் ஒன்றும் தவறாது, எனக்கு எல்லை இல்லை, அதனால் எது தவறிப்போகிறது என்பதே எனக்குத் தெரியாது. எல்லாம் பார்க்கிறேன் என்பதும் எதையும் பார்க்கவில்லை என்பதும் ஒன்றுதானோ? சேச்சே, காலையில் காபிகூடக் குடிக்காமல் வந்ததில் வருகிற யோசனை இது. மணி பத்து இருபத்தைந்து. உள்ளேயிருந்து ஒரு ஆள் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தான், அவர் இல்லை. சும்மா இருக்கக் கை வராமல் ஃபைலைப் பிரித்தாள். மேலாகவே ஆஞ்சியோகிராம் செய்ய ஒப்புதல் படிவம், அவர் பெயர் அச்சடித்து, கையெழுத்துப் போடுகிற இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறியோடு. கீழே பொடி எழுத்தில் அச்சடித்த நேரம்: ஒன்பது நாற்பது. எக்கோவுக்குக் கூட்டிப்போனதே பத்து பத்துக்கு. அப்படியானால் எக்கோவில் என்ன வந்தாலும் ஆஞ்சியோ என்று முன்னாடியே முடிவு செய்துவிட்டான். அப்புறம் எதற்கு எக்கோ? பிபி நாளாக இருந்து இதயத் தசை தடித்துவிட்டது, குழாயில் அடைப்பும் இருக்கலாம், இவ்வளவுதான் போன மாதம் அவன் சொன்னது, சொல்ல மூன்று நிமிஷம் எடுத்துக்கொண்டான். இந்த மாதிரி இதயத்தை அவன் ஆயிரம் பார்த்திருப்பான். ஆயிரம் பார்த்தவன் ஆயிரத்தொன்றாவதைப் பார்ப்பானா, இல்லை ஏற்கெனவே பார்த்ததையே திரும்பப் பார்ப்பானா?

ஈசிஜியை எடுத்து மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்தாள். குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் எடுத்தாள், வேறு நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை. கோடுகள் குட்டைகுட்டையாக, சோம்பிப்போய் ஓடின. கீழே போன மாதத்து எக்கோ ரிப்போர்ட், இதயத்தின் சுவர் ரொம்பவும் தடித்திருக்கிறது என்று. தடித்திருந்தால் கோடு உயரமாக அல்லவா எழும்ப வேண்டும்? தசை கூடினால் மின்சாரமும் கூடும், அவர்கூடச் சொல்வாரே, கம்பி தடிமனானால் லோடு தாங்கும் என்று. இங்கே சுவர் தடிமன், கோடு குட்டை. மிஷின் சரியில்லை. டெக்னீசியன் பட்டையைச் சரியாக ஒட்டியிருக்க மாட்டாள், இப்போது வருகிற பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டே ஒட்டுகிறார்கள். ஓரத்தில் அளவுக்கட்டத்தைப் பார்த்தாள், அது சரியாக இருந்தது. ஜனவரியில் ஒரு மருந்துக் கம்பெனிக்காரன் முகாம் போட்டபோது அவள் கிளினிக்கிலேயே அவருக்கு எடுத்ததும் ஃபைலில் இருந்தது, அதிலும் குட்டை. இரண்டு மிஷினும் ஒரே பொய்யைச் சொல்லுமா? தடித்த சுவர், குட்டைக் கோடு. இதை எங்கேயோ கேட்டிருக்கிறாள். எங்கே? திருநெல்வேலியில் ஓட்டலில் நடந்த கருத்தரங்கு, சான்றிதழுக்காகப் போனது, மதியம் பிரியாணிக்கு அப்புறம் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அவளும்தான். கண் சொருகும்போது திரையில் இரண்டு கைகளின் படம் வந்தது, உள்ளங்கைக்குக் கீழே மணிக்கட்டில் ஒவ்வொரு தழும்பு. "இது ஒரு இதய நோயாளியோட படம்" என்றார் பேசிய டாக்டர். எல்லாரும் சிரித்தார்கள், தப்பான படத்தைப் போட்டுவிட்டார் என்று. தப்பான படம் இல்லை. ஒரு புரதம், வயதானால் சிலருக்கு உடம்பில் அங்கங்கே போய்ப் படிகிறது, முதலில் மணிக்கட்டில், முதுகில், தசைநாரில், பத்து வருஷம் கழித்து இதயத்தில். படிந்தது தசையில்லை, அதனால் சுவர் தடிக்கும், மின்சாரம் எழும்பாது. அமிலாய்டோசிஸ் என்று பெயர். அப்புறம் அவள் தூங்கிவிட்டாள். சான்றிதழை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அவருடைய மணிக்கட்டு. ஏழு வருஷத்துக்கு முன்னால் விரல் மரத்துப்போகிறது, சட்டைப் பித்தான் போட முடியவில்லை என்று, முதலில் வலது கை, ஆறு மாதம் கழித்து இடது, கை சர்ஜன் ஒருவர் திறந்து நரம்பை விடுவித்தார். கம்ப்யூட்டரில் நாளெல்லாம் தட்டியதால் வந்தது என்றார், சரி என்றாள். இடுப்பில் வலி வந்தபோது எலும்பு டாக்டர் முதுகெலும்புக்குள் வழி குறுகிவிட்டது, வயசுக்கு சகஜம் என்றார், சரி என்றாள். கேஸ் சிலிண்டரைத் தூக்கும்போது மேல்கையில் தோளோரமாகத் தசைநார் படக்கென்று அறுந்து சதை உருண்டையாகத் திரண்டு நின்றது, இன்னொருவர் பார்த்தார், இந்த வயசில் தைக்க வேண்டாம் என்றார், அதற்கும் சரி என்றாள். அவரவர் பங்கை அவரவர் சரியாகத்தான் பார்த்தார்கள். கைக்காரருக்கு முதுகு தெரியாது, முதுகுக்காரருக்குத் தோள் தெரியாது, இந்தப் பையனுக்கு நெஞ்சுக்கு வெளியே உடம்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. இதோ இவர்கள் ஸ்பெஷலிஸ்டுகள் என்று உள்ளுக்குள் ஒரு கொக்கரிப்பு எழும்பி வந்தது, பாதியில் அடைத்துக்கொண்டது. இது எல்லாவற்றையும் பார்த்தவள் ஒருத்தி உண்டு. கை, முதுகு, தோள், மூன்றுக்கும் கூடவே போய் வெளியே உட்கார்ந்திருந்தவள். அப்புறம் பிபி. பதினைந்து வருஷமாக மாத்திரை தின்றவருக்குப் போன வருஷம் பிபி தானாகவே இறங்கிவிட்டது, மாத்திரையை நிறுத்தியவளும் அவள்தான். "பார்த்தீங்களா, உப்பைக் குறைச்சதும்" என்று சம்பந்தி வீட்டார் முன்னால் பெருமை வேறு அடித்துக்கொண்டாள். இறங்கியது பிபி இல்லை, இதயத்தின் பலம். எல்லாம் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று முப்பத்தாறு வருஷம் சொன்னவளுக்கு, ஒரே கூரைக்குள், ஒரே ஆளிடம், நாலு துண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. கைக்காரருக்கு ஒரு சாக்கு இருக்கிறது. அவளுக்கு?

ஃபைலின் அடியில் போன மாதம் அவள் கூட வந்த அன்றைக்குக் கொடுத்த படிவம் இருந்தது. கையெழுத்து அவளுடையது, அவர் கண்ணாடியை மறந்துவிட்டு வந்ததால் அவள்தான் நிரப்பினாள். 'இதற்கு முன் செய்துகொண்ட அறுவை சிகிச்சை' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தாள். இல்லை. இரண்டு கை ஆபரேஷனுக்கும் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தவள். சின்ன ஆபரேஷன், ஒரே நாளில் வீட்டுக்கு வந்தாயிற்று, இதயத்துக்கும் அதற்கும் என்ன என்று நினைத்து எழுதியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டாள். அது உண்மையா? அன்றைக்கு அவள் எப்படி இருந்தாள்? சீட்டைப் பார்த்த கோபம் ஆறவில்லை. என்னை விட்டுவிட்டு வந்தாரே, வரட்டும், பெரிய டாக்டர்தானே, அவரே கண்டுபிடிக்கட்டும் என்று நினைக்கவில்லையா? நினைத்தமாதிரியும் இருந்தது, நினைக்காதமாதிரியும் இருந்தது. இந்த அளவுக்கா நான் என்று கேட்டுக்கொண்டாள். இப்போது உள்ளே போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால்? தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த பேச்சியம்மாளை நினைத்துக்கொண்டாள். தலைசுற்றல் என்று வந்தவளுக்கு மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் ஏதோ அபூர்வமான வியாதி என்று எங்கோ படித்ததை வைத்து முடிவுகட்டி, பயமுறுத்தி, இதே மதுரைக்கு அனுப்பினாள். காதில் அழுக்கு அடைத்திருந்தது. அங்கிருந்த ஒருவர், 'அன்புள்ள டாக்டர், காதை ஒரு முறை பார்த்திருக்கலாம்' என்று பதில் எழுதியிருந்தார். பதினொரு வருஷம் ஆகிறது, அந்தக் காகிதம் மேஜை இழுப்பறையில்தான் கிடக்கிறது. தப்பாக இருந்தால் இன்னொரு "ஓ". சரியாக இருந்தால்? சரியாக இருந்தால் என்பதை அவள் அதுவரை நினைத்தே பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சரியாக இருந்தால் அவருக்கு அந்த நோய். இதுவரைக்கும் யார் கெட்டிக்காரர் என்று பார்த்துக்கொண்டிருந்தவள் ஃபைலை மூடினாள்.

"திருமலையப்பன் அட்டெண்டர் யாரும்மா?" நர்ஸ் கதவை அரையாகத் திறந்து கூப்பிட்டாள். உள்ளே அவர் கட்டிலில் சட்டையில்லாமல் உட்கார்ந்து நெஞ்சில் ஒட்டிய ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகில்வண்ணன் திரையிலிருந்து திரும்பி, "வாங்க மேடம். போன தடவை மாதிரியேதான் இருக்கு. நாளைக்கு ஆஞ்சியோ பார்த்துடலாம்" என்றான். அவள் உட்காரவில்லை. நின்றால்தான் சொல்ல முடியும் என்று தோன்றியது.

"டாக்டர், இவங்களுக்கு ரெண்டு மணிக்கட்டும் ஆபரேஷன் ஆகியிருக்கு. ஏழு வருஷம் ஆச்சு."

"ரெண்டு கையுமா?" அவன் ஃபைலைத் தன் பக்கம் இழுத்தான். "ஃபார்ம்ல இல்லைன்னு போட்டிருக்கே."

"நான்தான் எழுதினேன். தப்பா எழுதிட்டேன்."

முதுகையும் தோளையும் தானாக இறங்கிய பிபியையும் அவள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். நோயின் பெயரை மட்டும் சொல்லவில்லை. அவன் ஓ என்று சொல்லவில்லை. எழுந்து போய் அவருடைய இரண்டு கைகளையும் திருப்பி விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தான், பிறகு ஈசிஜியை எடுத்தான், பிறகு, "சார், இன்னொரு தடவை படுங்க" என்றான். இந்தத் தடவை இருபது நிமிஷத்துக்கு மேலேயே ஆயிற்று. அவள் திரையைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்தாள். பொய்யென்று ஒரு சுளிப்பு வராதா என்று காத்திருந்தாள், வரவில்லை. கடைசியில் அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்:

"இந்த ஈசிஜியை நான் ரெண்டு தடவை பார்த்திருக்கேன் மேடம். பிபி ஹார்ட்னு மொத நாளே மனசுல எழுதிட்டேன், அப்புறம் பார்க்கல. ஆஞ்சியோ வேண்டாம் இப்ப. எலும்புக்கு எடுக்கற ஒரு ஸ்கேன் இருக்கு, அதுல இதயம் தெரிஞ்சா நீங்க நினைக்கறதுதான். திங்கட்கிழமை எடுத்துடலாம்." ஈசிஜியை ஃபைலில் வைத்துவிட்டு, "எடுக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தொண்ணூறு பங்கு அப்படித்தான் தோணுது" என்றான். அவன் நல்ல பையன்தான். முப்பது நாளாக எதிர்பார்த்தது இதைத்தான், ஆனால் இதில் சந்தோஷப்பட ஒன்றுமே இல்லை. மீதிப் பத்துப் பங்கு இருக்கிறதே, அதில் இவன் சொன்னதும் நான் சொன்னதும் தப்பாகப் போகட்டும், ஊரெல்லாம் சிரிக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

கீழே கேன்டீனில் ஒரு மூலை மேஜை கிடைத்தது. அவர் காபியை ஆற்றிக்கொண்டே, "அவர் பேசுனதுல பாதி புரியல. நீ சொல்லு" என்றார். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள், எந்த வார்த்தையில் தொடங்கி எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அப்படியேதான் சொன்னாள், குரல் மட்டும் ஒரு இடத்தில் பிசிறியது.

"மருந்து இருக்கா?"

"இதுக்கு மேல படியாம மட்டுப்படுத்த இருக்கு. படிஞ்சதை எடுக்க முடியாது."

"சரி" என்றார். பிறகு ஜன்னல் வழியாக ஆம்புலன்ஸ் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு அமைதி எதற்கு, ஏற்கெனவே தெரியுமோ, அதையும் மறைத்தாரோ என்று ஒரு கணம் தோன்றியது, தோன்றியதற்காகவே அவளுக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லாம இங்க வந்தீங்க? எனக்குத் தெரியாதுன்னா?"

அவர் டம்ளரை வைத்தார். "தெரியாதுன்னு இல்ல செண்பகம். உங்கிட்ட சொன்னா, கையைப் புடிச்சுப் பார்த்துட்டு ஒண்ணுமில்ல, வயசுதான்னு சொல்லிருவியோன்னு பயமா இருந்துச்சு. நீ ஒண்ணுமில்லன்னுட்டா நான் நம்பிருவேன். அப்புறம் வேற யாருகிட்டயும் போயிருக்க மாட்டேன்."

அதைக் குறையாகச் சொல்கிறாரா, நம்பிக்கையாகச் சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டும் இருந்தமாதிரி இருந்தது. அவர் மிச்சக் காபியைக் குடித்தார். ஒண்ணுமில்ல, வயசுதான், போய்ட்டு வாங்க. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்வாள்? பத்து? பதினைந்து? சளியென்று வந்தவர்கள், அசதியென்று வந்தவர்கள், விரல் மரத்துப்போகிறது என்று சொல்லிவிட்டு அவள் ஒரு வைட்டமின் மாத்திரை எழுதியதும் கும்பிட்டுவிட்டு எழுந்தவர்கள். வேறு டாக்டரிடம் போகிறவர்கள் போய்விடுகிறார்கள், லெட்டர் கேட்டு நச்சரிக்கிறவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். கேட்காமல் எழுந்து போனவர்கள்? ஒவ்வொரு முகமாக நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வாசல் வரைக்கும் முதுகுதான் தெரிந்தது. அவர்களெல்லாம் நம்பிவிட்டுத்தானே போயிருப்பார்கள்.